உச்சியில் நின்ற ஸ்லைடர்

“நாளைக்குக் கோர்ட்டுல நின்னு, ‘நான்தான் கொன்னேன்’னு ஒத்துக்கப் போறாராம்க்கா” என்றாள் முத்துத்தாய்.

சொல்லிவிட்டு மூக்கை முந்தானையில் துடைத்தாள். விருமாண்டி எழுந்து ஜன்னலைச் சாத்தினான். சிம்மக்கல்லில், வெங்காய மண்டிக்கு நேர் மேலே துப்பறியும் ஆபீஸ் வைத்தால் இதுதான் கதி. வருகிற ஆள் விஷயத்துக்கு அழுகிறாரா, வெங்காயத்துக்கு அழுகிறாரா என்று கண்டுபிடிக்கவே தனியாக ஒரு துப்பறிவாளர் வேண்டும். ஆனால் இந்தப் பெண் அழுது தீர்த்துவிட்டுத்தான் படியேறியிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. விருமாண்டி வாய்வரை வந்த கேலியை விழுங்கிக்கொண்டான். அவனுக்கு அது லேசுப்பட்ட காரியமில்லை.

அவனுடைய முதலாளி தமிழ்வாணி நாற்காலியை முத்துத்தாய் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை விசாரிப்பதில் தொடங்கி காணாமல்போன ஆளைத் தேடுவது வரைக்கும் இந்த மதுரையில் எல்லாம் பார்த்தவள் அவள்.

“முதல்லருந்து சொல்லு தாயி.”

சொன்னாள். அவள் புருஷன் நல்லகாமன் எலக்ட்ரீசியன். அவனுக்கு உயிர்ச் சிநேகிதன் அசீம், ‘வைகைத் தென்றல்’ இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவன். போன வாரம் ஒரு காலையில், மாடி அறையில் பிளக் பாயிண்ட் ஆடுகிறது என்று அசீம் கூப்பிட்டான். கப்பலூரில் ஒரு கம்பெனி வேலைக்கு ஓட வேண்டிய அவசரத்தோடு நல்லகாமன் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு ஓடினான். அன்று மதியத்துக்கு மேல் அசீம் அந்த அறையிலேயே, கழுத்தில் கிட்டாரோடு, கரண்ட் அடித்துச் செத்துக் கிடந்தான். பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால் எர்த் கம்பி இருக்க வேண்டிய இடத்திலும் கரண்ட் வருகிற கம்பி. ஆம்ப்ளிஃபயரில் கரண்ட், கிட்டார் கம்பியில் கரண்ட்.

“போலீஸ் புடிச்சதுகூட எனக்குப் பெருசில்லக்கா. அவரே நம்பிட்டாரு. அவசரத்துல மாத்தி மாட்டிட்டேன், என் சிநேகிதனை நானே கொன்னுட்டேன்னு சுவத்தைப் பாத்துப் படுத்துட்டாரு. பச்சத் தண்ணி வாயில வைக்கல. பெரியாஸ்பத்திரி கைதிக வார்டுல டிரிப்ஸ் ஏத்துறாக. இப்படியே விட்டா, ஜட்ஜு தீர்ப்புச் சொல்லுறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துருவாரு.”

“நீ என்ன நெனைக்கிற?”

“ரோட்டுல ஒரு வயரு தொங்குனாக்கூட, போற பஸ்ஸை விட்டுட்டு நின்னு கட்டிட்டு வார மனுசன்க்கா அவரு.”

தமிழ்வாணி செருப்பை மாட்டினாள். “விருமா, ஆட்டோவை எடு.”

“எடுத்துட்டேன்க்கா. பிரேக்கு மட்டும்தான் இல்ல.”

*

காஜிமார் தெருப் பக்கம் ஒரு சந்தில் அசீமின் வீடு. கீழே அவன் அக்கா ரூபினாவும் கைக்குழந்தையும். மாடிக்கு வெளியிலிருந்தே படி ஏறியது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை.

ரூபினா கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். “அன்னிக்கு மெயின் சுவிட்சை அமத்துனேன். போலீஸ் பிளக்கைக் கழட்டிப் பாத்தாங்க, இது தம்பியோட போனுன்னு சொல்லி போனைத் திருப்பிக் குடுத்தாங்க. அதோட பூட்டுனதுதான். உள்ள வர மனசு கேக்கல.”

அறை கைக்கு அடக்கமாக இருந்தது. ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஸ்பீக்கர் பெட்டி, ரெண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு திருகு வைத்த இரும்புப் பெட்டி.

“இது என்னடா?” என்றாள் தமிழ்வாணி.

இங்கேதான் விருமாண்டிக்குச் சம்பளம். துப்பறிய வருவதற்கு முன்னால் கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று மைக் செட் போட்டுத் திரிந்தவன் அவன்.

“அட்டென்யூவேட்டர்க்கா. இந்த மாதிரி வால்வு ஆம்ப் இருக்கே, அடிவயித்துல இருந்து கத்த விட்டாத்தான் அதுக்கு நல்ல குரலே வரும். கத்த விட்டா சந்தே செருப்பைத் தூக்கிட்டு வரும். அதுக்குத்தான் இது. கத்துறதுல முக்காவாசியை முழுங்கிட்டு மிச்சத்தை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும். குரலும் கெடாது, மானமும் போகாது. ஒண்ணு வாங்கி எங்க மாமியாருக்கு மாட்டணும்னு ரொம்ப நாளா ஆசை.”

“தம்பி அதை வாய்ப்பூட்டுன்னுதான் சொல்லும்” என்றாள் ரூபினா. “என் புள்ள கீழ தூங்குவான்ல. பூட்டை இறுக்கிட்டுத்தான் வாசிக்கும். மேல வாசிக்குதுன்னு எனக்கே தெரியாது.”

தமிழ்வாணி குனிந்து திருகைப் பார்த்தாள். முழுக்கத் திறந்து கிடந்தது.

“அன்னிக்கு என்னம்மா கேட்டுச்சு?”

“மத்தியானம் லுஹர் தொழுதுட்டுப் புள்ளையைத் தூங்க வச்சேன். தம்பி கீழ வந்து சாப்பிட்டுட்டு மேல போச்சு. கொஞ்சம் பொறுத்துத் திடீர்னு குமுகுமுன்னு ஒரு சத்தம், ஜன்னலெல்லாம் ஆடுது. அப்புறம் அந்தக் குமுக்கம் அடங்கி, கீச்சுன்னு காதைக் கிழிக்கிற மாதிரி ஆயிருச்சு. புள்ள அலறி எந்திரிச்சுட்டான். நான்...” அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். “நான் கீழருந்து கத்துனேன். எங்கிட்டாச்சும் தொலைஞ்சு போடான்னு. அதுதான் என் தம்பிகிட்ட நான் கடைசியாப் பேசுனது.”

விருமாண்டி தரையைப் பார்த்தான். கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் மாட்டுகிற ஒரு பெடல் கிடந்தது. உள்ளங்கை அளவுப் பெட்டி, அதில் வரிசையாக, மேலும் கீழும் தள்ளுகிற ஏழு பிளாஸ்டிக் ஸ்லைடர்கள். இடது ஓரம் ரெண்டும் அடிமட்டத்தில், நடுவில் இருப்பவை கொஞ்சம் தூக்கலாக, வலது கோடியில் இருந்த கடைசி ஸ்லைடர் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது.

“தொடாதே” என்றாள் தமிழ்வாணி. “சொல்லு.”

“ஈக்யூ பெடல்க்கா. இடது கோடி அடிக்குரல், நடுவுல நடுக்குரல், வலது கோடி கீச்சு. எதைக் கூட்டணும் எதைக் குறைக்கணும்னு இதுல வைக்கிறது. ஆனா ஒண்ணு பாருங்க. மெல்லமா வாசிக்கும்போது அடியும் கீச்சும் நம்ம காதுக்குச் சரியா எட்டாது. அதனால வாய்ப்பூட்டு போட்டு வாசிக்கிற ஆளு ரெண்டு ஓரத்தையும் தூக்கி வச்சிருப்பான். அந்த அமைப்போட பூட்டை முழுசாத் தெறந்தா என்ன ஆகும்? அடிக்குரல் குமுறிக்கிட்டு வரும்.”

“ரூபினா கேட்ட குமுகுமு.”

“அதேதான். அப்புறம் எவனோ குனிஞ்சு அடியைக் கீழ இறக்கிருக்கான்.”

“அசீமே இறக்கியிருக்கலாமே?”

கேட்டுப் பார்த்துவிடலாம் என்று விருமாண்டி கீழ் வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுத்து, ஆம்ப்பை எழுப்பி, கிட்டாரில் ஒரே ஒரு கம்பியைத் தட்டினான். காதுக்குள் ஊசியை ஏற்றியது போல ஒரு கீச்சு. அவன் பதறிப்போய் அமத்தினான். கீழே குழந்தை வீறிட்டது.

“இது அசீம் வச்சதில்லக்கா. காதுள்ள எவனும் வச்சதில்ல.”

தமிழ்வாணி ரூபினாவிடம் திரும்பினாள். “அந்தப் போன் எங்க கிடந்துச்சு?”

“பெடல்ல செருகிக் கிடந்துச்சு. பாட்டைப் போட்டுக் கூடவே வாசிக்கும். போலீஸ்கிட்டயும் சொன்னேன்.”

போனைத் திறந்தார்கள். கடைசியாக ஓடியது பாட்டு இல்லை. அசீமே தனியாக வாசித்துப் பதிந்து வைத்த நீளமான பதிவு.

“அவ்வளவுதான்” என்றாள் தமிழ்வாணி. “சாப்பிடப் போன நேரத்துல எவனோ பிளக்குல கை வச்சிருக்கான். அசீம் வந்து கிட்டாரை எடுத்தான், விழுந்தான். வந்தவன் சுவிட்சை அமத்திப் போனைச் செருகி, பூட்டைத் தெறந்து, மறுபடியும் சுவிட்சைப் போட்டு, சந்தே கேக்குற மாதிரி ஓடவிட்டுட்டுப் போயிருக்கான். தான் போன பிறகும் அசீம் உசுரோட வாசிச்சுக்கிட்டு இருந்தான்னு நாலு பேர் சொல்லணுமே.”

“அப்ப...” என்றாள் ரூபினா. “நான் திட்டுனப்ப?”

“அவன் காதுல விழலம்மா. அதுக்கு முன்னாடியே மவுத்தாயிட்டான்.”

ரூபினா அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகை வந்தது. ஆறுதலா கொடுமையா என்று விருமாண்டிக்கு விளங்கவில்லை. ரெண்டும்தான் போல.

சந்துக்கு வந்ததும் தமிழ்வாணி கேட்டாள். “ஒண்ணுதான்டா உதைக்குது. கொல்ல வந்தவன் கொன்னுட்டு ஓடாம, உக்காந்து குரலை ஏன் சரிபண்ணுறான்?”

“கை சும்மா இருக்காதுக்கா. சவுண்டுத் தொழில் பாத்தவனுக்குக் கொடூரமா ஒரு சத்தம் கேட்டா, எழவு வீடா இருந்தாலும் கை தானாப் போகும். எங்க பெரியப்பா சாவுல ரேடியோ செட் கொரகொரன்னுச்சு. பாடைக்குப் பக்கத்துல இருந்து எந்திரிச்சுப் போய்ச் சரிபண்ணிட்டு வந்து, சொந்தக்காரன் அம்புட்டுப் பேர்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

தமிழ்வாணி நின்றுவிட்டாள். “அப்ப அவனுக்கு அந்தக் கீச்சு நல்லாவா கேட்டுச்சு?”

*

அசீம் செத்த அன்று மதியம் மாடிக்கு வந்து போனவர்கள் ரெண்டு பேர். குழுவின் தலைவரும் மிக்ஸரில் உட்கார்ந்து சவுண்டு பார்ப்பவருமான முத்துக்குமரன் ஒருத்தர். இன்னொருவன் பீமாராவ், குழுவின் ரெண்டாவது கிட்டார். அசீம் போனால் முதல் இடம் அவனுக்கு. நான் கிளம்பும்போது பீமாராவ் இருந்தான் என்கிறார் முத்துக்குமரன். நான் கிளம்பும்போது அவர்தான் இருந்தார் என்கிறான் பீமாராவ். தெருமுனை டீக்கடையில் முத்துக்குமரன் நின்று டீ குடித்தபோது மாடியில் வாசிப்பு கேட்டது என்று டீ மாஸ்டரே சொல்லியிருந்தார்.

“போன் வாசிக்கிறதுக்கு ஆள் எதுக்கு? டீ யாரு வேணாலும் குடிக்கலாம்” என்றாள் தமிழ்வாணி.

“எனக்குப் பீமாராவ் மேலதான்க்கா கண்ணு. பந்தயம் ஒரு கொத்துப் பரோட்டா.”

திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் குழு மாலை ரிசப்ஷனுக்கு மேடை கட்டிக்கொண்டிருந்தது. அசீமின் பெடலை ரூபினாவின் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அதே மாதிரி இன்னொன்றைக் கடையில் வாங்கி, ஆம்ப்பையும் வாய்ப்பூட்டையும் ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தார்கள். எஸ்.ஐ. மலைச்சாமி மஃப்டியில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பெண் வீட்டுச் சித்தப்பா மாதிரி கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். தமிழ்வாணியின் நச்சரிப்புக்காக வந்தவர். முகத்தில் நம்பிக்கை இல்லை.

பாடகி பவதாரிணி மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு காதிலும் பஞ்சு.

“என்ன பாப்பா, ஜலதோஷமா?” என்றான் விருமாண்டி.

அவள் மிக்ஸர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். “பழக்கமாயிருச்சுண்ணே.” கீபோர்டுக்காரன் காதிலும் பஞ்சு இருந்தது.

தமிழ்வாணி முத்துக்குமரனைக் கும்பிட்டாள். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, பெரிய மனுஷத் தோரணை. “அசீமோட கடைசி வாசிப்பை அவன் அக்கா ஒரு தடவை நல்லபடியாக் கேக்கணும்கிறாங்கண்ணே. எங்களுக்குக் குரல் வைக்கத் தெரியல. நீங்கதான் வச்சுத் தரணும்.”

“டேய் பீமா, வச்சுக் குடு” என்றார் முத்துக்குமரன்.

வாய்ப்பூட்டு முழுக்கத் திறந்திருந்தது. ஏழு ஸ்லைடர்களும் நடுமட்டத்தில். போனில் அசீமின் வாசிப்பு ஓடத் தொடங்கியதும் மேடையில் எல்லாரும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். பீமாராவ் மண்டியிட்டு அடிக்குரலைக் கொஞ்சம் இறக்கினான். நடுவைத் தூக்கினான். அப்புறம் கடைசி ஸ்லைடரை மெல்லக் கீழே இழுத்தான். கிட்டாரின் குரல் இதமாக எழுந்து மண்டபத்தை நிறைத்தது. பவதாரிணி கண்ணைத் துடைத்தாள். பீமாராவும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

போச்சு கொத்துப் பரோட்டா என்று நினைத்தான் விருமாண்டி. நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டான்.

“தள்ளுடா, உசுரே இல்ல” என்று மேடையேறினார் முத்துக்குமரன். வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்தார். அடிக்குரல் ரெண்டையும் தரைமட்டத்துக்கு இறக்கினார். நடுவைத் தூக்கினார். கடைசி ஸ்லைடரை விரல் நுனியால் தள்ளினார், இன்னும் தள்ளினார், அது உச்சியில் முட்டி நின்றது.

மண்டபமே கூசியது. பந்தி போட வந்தவன் இலைக்கட்டைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்தினான். எஸ்.ஐ. கலர் பாட்டிலோடு எழுந்துவிட்டார். பவதாரிணி பஞ்சின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். முத்துக்குமரன் மட்டும் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“இப்பத்தான்யா அசீம்” என்றார்.

தமிழ்வாணி தன் போனை அந்தப் பெடலுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாடி அறையில் எடுத்த படம். ஏழு ஸ்லைடரும் அச்சுப் பிசகாமல் அங்கே நின்ற மாதிரியே இங்கேயும் நின்றன.

“இது செத்துப்போனவன் ரூம்ல இருந்தது. வச்சவன் கைரேகையும் அதுலயேதான் இருக்கு” என்றாள். “அசீம் உங்ககிட்ட என்ன சொன்னான்ணே?”

வாசிப்பு ஓடிக்கொண்டே இருந்தது. பீமாராவ் எட்டி அதை நிறுத்தினான். முத்துக்குமரன் படத்தைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். சட்டென்று கிழவனாகிவிட்டார்.

“என் காதுல கோளாறாம்” என்றார். “கீச்சு உங்களுக்குக் கேக்கலைண்ணே, போற ஊர்ல எல்லாம் சனம் எந்திரிச்சுப் போகுது, டாக்டரைப் பாருங்க, இல்லாட்டி நானே எல்லாருக்கும் சொல்லிருவேன்னான். நேத்து வந்த பய. காது போச்சுன்னா அப்புறம் சவுண்டுக்காரனுக்கு என்னய்யா இருக்கு?” மேடையைச் சுற்றிப் பார்த்தார். “என் காது நல்லாத்தான் இருக்கு. சொல்லுங்கடா. இப்ப நான் வச்சது நல்லாத்தானே இருந்துச்சு?”

பவதாரிணி காதிலிருந்த பஞ்சை எடுத்து மிக்ஸர் மேல் வைத்தாள். கீபோர்டுக்காரனும் எழுந்து வந்து வைத்தான்.

அதைப் பார்த்த பிறகு அவர் மறைக்கவில்லை. “சண்டை போடத்தான்யா போனேன். பீமா போயிட்டான், அசீம் சாப்பிடக் கீழ எறங்குனான். எலக்ட்ரீசியன் பய மறந்து வச்சிட்டுப் போன, திருகு கழட்டுற டெஸ்டரு ஆம்ப் மேல கிடந்துச்சு. அது மட்டும் கண்ணுல படாம இருந்திருந்தா, கத்திட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.”

எஸ்.ஐ. முத்துக்குமரனின் வயர்ப் பெட்டியைக் கிளறி அந்த டெஸ்டரை எடுத்தார். பிடியில் கறுப்பு டேப் சுற்றிய பழைய டெஸ்டர்.

*

பொழுது சாயும் நேரம். பெரியாஸ்பத்திரியில் கைதிகள் வார்டுக்கு மலைச்சாமியே யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கூட்டிப் போனார். நல்லகாமன் சுவரைப் பார்த்தபடி கிடந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முத்துத்தாய் கட்டில் காலடியில் இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

தமிழ்வாணி எல்லாவற்றையும் சொன்னாள். பெடல், வாய்ப்பூட்டு, மண்டபம். அவன் திரும்பவே இல்லை. முத்துத்தாய் மட்டும் ‘சாமி, சாமி’ என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நீ ஒழுங்காத்தான் மாட்டிட்டு வந்திருக்க. அவன்தான் திறந்து மாத்துனான். ஒன் மேல தப்பில்லப்பா.”

அப்போதுதான் நல்லகாமன் மெல்லப் புரண்டான். “எதை வச்சுத் திறந்தான்?”

தமிழ்வாணி மலைச்சாமியைப் பார்த்தாள்.

“கப்பலூர்ல போய்ப் பையைத் தொழாவுறேன், என் டெஸ்டரைக் காணோம்” என்றான். “அங்கன வச்சிட்டு வந்துட்டேனோன்னு அன்னிக்கே ஒரு ரோசனை. வேலை முடிஞ்சா கையில இருக்கிறதை எண்ணிப் பையில போடணும்னு எங்க மேஸ்திரி அடிச்சுச் சொல்லுவாரு. எதை வச்சுத் திறந்தான்க்கா?”

“சொந்தமா ஒண்ணு கொண்டு வந்தான்” என்றாள் தமிழ்வாணி. “ஒன்னுது பஸ்ஸுல விழுந்திருக்கும்.”

விருமாண்டி தலையைத் தூக்கினான். எத்தனை கேஸ், எத்தனை பேர் காலில் விழுந்து கெஞ்சியும், உதவி கேட்டு வந்த ஒருத்தரிடமும் அவள் ஒரு பொய் சொல்லி அவன் பார்த்ததில்லை. எஸ்.ஐ. மலைச்சாமி தொப்பியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நல்லகாமன் அவளைப் பார்த்தான். அப்புறம் விருமாண்டியைப் பார்த்தான். “நெசமாண்ணே?”

வாயைத் திறந்தால் கேலி வருகிற வாய் அது. இப்போது கேலி வரவில்லை.

“நெசந்தான் மாப்ள” என்றான். “செவப்புப் பிடி. புத்தம் புதுசு. நானே கண்ணால பாத்தேன்.”

நல்லகாமனின் உதடு கோணியது. “அசீம் போயிட்டான்ல” என்றான், இப்போதுதான் சேதி கேள்விப்பட்டவன் மாதிரி. குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது ஓய்ந்ததும் முத்துத்தாய் இட்லியைப் பிட்டு நீட்டினாள். ஒரு வாய் வாங்கிக்கொண்டான். அப்புறம் இன்னொரு வாய்.

வெளியே ஆட்டோவுக்கு வந்த பிறகுதான் விருமாண்டி கேட்டான். “கேஸ் நடக்கும்போது அந்த டெஸ்டரு ஜட்ஜு மேஜைக்கு வருமேக்கா. அவனைக் கூண்டுல ஏத்தி, இது ஒன்னுதான்னு கேப்பாகளே.”

“கேப்பாக.”

“அப்ப என்ன செய்யிறது?”

தமிழ்வாணி பின் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“தெரியலடா விருமா” என்றாள். “இன்னிக்குச் சாப்பிட்டான்ல. வண்டியை எடு.”